பருந்துக்கும் சாதி வைத்தவர்கள்

வட்டாரப் பெயர்கள் மீது இப்போது எல்லோருக்கும் பாசம் பொங்குகிறது. கரிச்சானை எந்த ஊரில் ரெட்டைவால் குருவி என்கிறார்கள், எந்த ஊரில் கருவாட்டுவாலி என்கிறார்கள், தமிழ்நாட்டுச் செம்போத்து ஈழத்தில் எப்படிச் செண்பகம் ஆகிறது என்று பட்டியல் போடுகிறார்கள். பூச்சி, புல், மீன், மண் எல்லாவற்றுக்கும் பட்டியல் வருகிறது. நல்லது. அந்தப் பட்டியல்களை நாங்களும் ஆசையாகத்தான் படிக்கிறோம். ஆனால் படித்து முடித்ததும் ஒன்று உறுத்துகிறது. சாதி மூத்திரம் போகிற வாய்க்காலிலும் ஓடுகிற இந்த மண்ணில், இந்தப் பட்டியல்களில் மட்டும் சாதியே இல்லை. எல்லாம் தேன் தடவிய சொற்கள், எல்லாம் 'மக்களின் வெகுளியான அழகியல்'. யார் அந்த மக்கள்? அந்த ஊரில் சேரி எந்தப் பக்கம் இருந்தது? பட்டியல் போட்டவர்கள் ஊருக்குள் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்களா, தெருவைக் கடந்து எங்கள் பக்கமும் வந்தார்களா?

இரண்டு பருந்துகளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, உடல் செம்பழுப்பாகவும் தலையும் மார்பும் வெள்ளையாகவும் இருப்பது. தமிழில் செம்பருந்து. பெருமாளின் வாகனம் என்று கருடன் ஆக்கினார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'பிராமினி கைட்'. இன்னொன்று, உடல் முழுக்கக் கரும்பழுப்பு, வால் நடுவில் பிளந்திருக்கும். நகரத்துக் குப்பைமேட்டின் மேல் நாள் முழுக்க வட்டமிடும். இப்போது கரும்பருந்து, ஊர்ப்பருந்து, கள்ளப்பருந்து என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஆங்கிலேயர்கள் இதற்கு வைத்த பெயர் 'பரையா கைட்'. அவர்களாக யோசித்து வைத்ததில்லை. மதராஸ் ராஜதானியில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலில், இந்தப் பருந்தின் தமிழ்ப் பெயரையே 'பரையா பிராந்து' என்றுதான் குறித்திருக்கிறார். 1886இல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் பரையா நாய், பரையா பருந்து, பரையா சாராயம் என்று எங்கள் பெயருக்குக் கீழே ஒரு குடும்பமே இருக்கிறது. மலிவானது, ஆளில்லாதது, தெருவில் கிடப்பது எல்லாம் அந்தக் குடும்பத்தில் சேர்த்தி.

அதாவது வானத்திலும் அக்கிரகாரம் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம்.

இரண்டு பறவைகளும் என்ன தின்கின்றன என்று கொஞ்சம் பாருங்கள். 'பிராமினி' பருந்து மீன் தின்னும், நண்டு தின்னும், கரை ஒதுங்கிய செத்த மீனையும் விடாது. மீன் இறங்குகிற துறைகளில் கழிவுக்கு வட்டமிடுகிற கூட்டத்தில் அதுவும் உண்டு. இரண்டும் பிணந்தின்னிகள்தான்; இரண்டும் ஊரைச் சுத்தம் செய்கிற பறவைகள்தான். தொழிலில் வித்தியாசம் இல்லை. நிறத்தில்தான் வித்தியாசம். நெஞ்சில் வெள்ளை இருந்தால் கருடாழ்வார்; கறுப்பாக இருந்தால் எங்கள் பெயர். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குப்பை மலைகளுக்கு மேலே பறக்கிற பருந்துக்கு ஒரு காலத்தில் யார் பெயரை வைத்தார்களோ, அந்தக் குப்பையை வெறுங்கையால் பிரிக்கிற வேலையையும் அவர்களுக்கே வைத்திருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

"அதெல்லாம் பழைய கதை. இப்போது யார் பரையா கைட் என்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். உண்மைதான், பறவையியல் பட்டியல்களில் அது இன்று 'பிளாக் கைட்'. ஆனால் 'பிராமினி கைட்' இன்னும் பிராமினி கைட்டாகவே இருக்கிறது. கருங்கொண்டை நாகணவாய் இன்னும் 'பிராமினி ஸ்டார்லிங்'. தமிழில் கொண்டையின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் கொண்டையைப் பார்த்ததும் குடுமி நினைவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. வீட்டுப் பூந்தொட்டி மண்ணில் புழு மாதிரி நெளிகிற குருட்டுப் பாம்புக்குக்கூட அறிவியல் பெயரிலேயே 'பிராமினஸ்' ஒட்டியிருக்கிறது. (அந்த இனத்தில் ஆணே கிடையாது, பெண் தனியாகவே இனம் பெருக்குகிறது. மனு சாஸ்திரக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசை.) இழிவான பெயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, உயர்வான பெயரை அப்படியே விட்டுவைத்தால் சாதி போய்விட்டதா? ஏணியின் கீழ்ப்படியைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். மேல்படியில் உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை.

கீழ்ப்படியும் முழுதாக மூடப்படவில்லை. நாய் இருக்கிறது. நம் தெருவில் திரிகிற நாட்டு நாயை, அதைக் காதலிக்கிற நகரத்துப் பிராணி நேசர்களே, இன்றும் ஆங்கிலத்தில் 'இந்தியன் பரையா' என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். 'இண்டி' என்று அழகான மாற்றுச் சொல் வந்தபிறகும் அப்படித்தான். ஆங்கில நாளேடுகளுக்கு ஒதுக்கப்பட்ட நாடெல்லாம் 'பரையா நாடு'. அந்த ஏட்டின் ஆசிரியர் குழுவில் இருக்கிற தமிழருக்கு அந்தச் சொல் எங்கிருந்து போனது என்று தெரியாதா? தெரியும். ஒரு மனிதரைப் பொதுவெளியில் அந்தப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. அதையே நாயின் கழுத்தில் கட்டினால் அது ஆங்கிலப் புலமை.

இங்கே ஒரு வழக்கமான பதில் வரும். பாமர மக்கள் எதையோ பார்த்து ஏதோ பெயர் வைத்தார்கள், அதில் போய் அரசியல் தேடாதீர்கள் என்று. பாமரர் மேல் பழி போடுவது எப்போதும் வசதி. சாதிக் கலவரம் என்றாலும் இரண்டு பாமரக் கூட்டம் மோதிக்கொண்டது என்றுதானே எழுதுகிறீர்கள்!

இயற்கைக்குச் சாதி பிரித்தவர்கள் பாமரர்கள் அல்ல. சுசுருத சம்ஹிதை பாம்புகளை நிறம் பார்த்துப் பிராமணப் பாம்பு, சத்திரியப் பாம்பு, வைசியப் பாம்பு, சூத்திரப் பாம்பு என்று நான்காகப் பிரிக்கிறது. அது மருத்துவ நூல். வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதையும் மயமதமும் மண்ணுக்கு வருணம் சொல்கின்றன: வெள்ளை மண் பிராமணருக்கு, சிவப்பு சத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கறுப்பு சூத்திரருக்கு. வைரத்துக்கும் இதே நான்கு நிறம், இதே நான்கு வருணம். தமிழ் மட்டும் தப்பிக்கவில்லை. பாட்டியல் நூல்கள் உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் பிடித்து, இது அந்தணர் எழுத்து, இது அரசர் எழுத்து, இது வணிகர் எழுத்து, இது சூத்திரர் எழுத்து என்று பங்கு போட்டன. வெண்பா அந்தணருக்கு, வஞ்சிப்பா சூத்திரருக்கு. குழந்தை முதன்முதலில் மணலில் எழுதுகிற எழுத்துக்கே சாதி வைத்தவர்கள் பருந்தை விட்டுவைப்பார்களா? பாமரர் வாயில் வந்தது மேலே ஏடுகளில் எழுதப்பட்டதன் எதிரொலி. இன்னொன்றும் கவனியுங்கள். மண்ணுக்கு நான்கு நிறம் சொன்னார்கள், ஐந்தாவது இல்லை. எங்களுக்கு அவர்கள் மண்ணே ஒதுக்கவில்லை.

எல்லாப் பெயர்களையும் ஒரே தராசில் வைக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். தட்டான் என்றால் பொற்கொல்லர். பொன்தகடு மாதிரிச் சிறகு மின்னுகிற பூச்சிக்கு அந்தப் பெயர் வந்ததில் தொழிலின் மீதான வியப்புதான் தெரிகிறது, வெறுப்பு தெரியவில்லை. வண்ணத்துப்பூச்சியைத் தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் வண்ணாத்திப்பூச்சி என்பார்கள். கறுப்பும் வெள்ளையுமான குண்டுகரிச்சானை வண்ணாத்திக் குருவி என்பார்கள். வெளுத்த துணி, வண்ணத்துணி, இரண்டையும் கையாண்ட பெண்ணின் நினைவு அது. இதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். அது வண்ணார் சமூகமும், எங்களுக்கே துணி வெளுத்து எங்களாலேயே ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணாரும் சொல்ல வேண்டிய பதில். சில ஊர்களில் அதே பூச்சியைப் பாப்பாத்தி என்கிறார்கள். அதனால் எந்தப் பார்ப்பனப் பெண்ணுக்கும் பள்ளிக்கூடத்தில் அவமானம் நேரவில்லை என்பதால் அதில் எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. பெயர் எந்தத் திசையில் அடிக்கிறது என்பதுதான் கேள்வி. மேலே பார்த்து வைத்த பெயரும் கீழே பார்த்து வைத்த பெயரும் ஒன்றல்ல. 'உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா' என்று பழமொழி சொல்லி எங்கள் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

பழையதுதான் இப்படி என்றால் புதியதும் அதே வழியில்தான் போகிறது. 2019இல் தமிழ்நாடு அரசு மாநில வண்ணத்துப்பூச்சியை அறிவித்தது. ஆங்கிலத்தில் 'தமிழ் யோமன்'. வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெயர் வைத்த வெள்ளைக்காரர்கள் பாரன், நவாப், ராஜா, கமாண்டர், சார்ஜென்ட் என்று தங்கள் கோட்டையையும் பட்டாளத்தையும் அப்படியே பூச்சி மேல் இறக்கியவர்கள். யோமன் அந்த வரிசையில் ஒன்று. அதைத் தமிழாக்கும்போது 'தமிழ் மறவன்' என்றார்கள். மறவன் என்றால் வீரன் என்று அகராதி சொல்லும். ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது அகராதி பார்த்தவர்களுக்கும் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கிற ஆரஞ்சு நிறப் பூச்சி அது. மலையின் பெயரை, நிறத்தின் பெயரை, அது முட்டையிடுகிற மரத்தின் பெயரை வைத்திருக்கலாம். அந்தக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பழங்குடிகளிடம் கேட்டிருக்கலாம். வீரம் என்றதும் கைக்கு எட்டிய சொல் எது என்பதுதான் இங்கே எங்கள் கவலை.

பெயரை மாற்றவே முடியாது, உலகம் சிரிக்கும் என்பார்கள். உலகம் என்ன செய்கிறது தெரியுமா? அமெரிக்கப் பூச்சியியல் கழகம் ரோமா மக்களை இழிவுபடுத்துகிறது என்பதற்காக 'ஜிப்சி மாத்' என்ற பெயரை 2021இல் கைவிட்டு, அடுத்த ஆண்டே 'ஸ்பான்ஜி மாத்' என்று புதிய பெயர் கொடுத்தது. அமெரிக்கப் பறவையியல் கழகம் மனிதர் பெயர்களைத் தாங்கிய பறவைகளுக்கெல்லாம் வேறு பெயர் வைக்கப்போவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. இவையாவது ஆங்கிலப் பெயர்கள். லத்தீன் பெயரைத் தொடவே கூடாது என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த தாவரவியலாளர்கள் 2024 ஜூலையில் மாட்ரிட் மாநாட்டில் வாக்கெடுத்து, ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களைத் திட்டும் சொல்லிலிருந்து வந்த 'காஃப்ரா'வை 'அஃப்ரா' என்று திருத்தினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் மாறுகின்றன. நம் வேலியோரத்துக் கல்யாண முருங்கையின் தென்னாப்பிரிக்கச் சொந்தக்கார மரமும் அதில் ஒன்று. ஒரே ஒரு எழுத்தை எடுத்தார்கள். அறிவியல் இடிந்து விழவில்லை.

இங்கேயும் மனம் வைத்தால் நடக்கிறது. குஜராத் அரசு 2021 ஜனவரியில் ஒரே நாளில் டிராகன் பழத்தைக் 'கமலம்' ஆக்கியது. அதற்கு எந்தப் பாரம்பரியமும் குறுக்கே வரவில்லை. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு தெருக்கள், சாலைகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்றவும் அரசு ஆணையிட்டது. குளத்தின் பெயரிலிருந்து சாதியை எடுக்கலாம் என்றால், குளத்தின் மேல் பறக்கிற பறவையின் பெயரிலிருந்து எடுக்கக் கூடாதா?

எங்கள் ஆட்களிடமிருந்தே வேறொரு கேள்வி வருகிறது. அதற்குத்தான் அதிக மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். "பறை என்ற சொல்லை நாம் மீட்டுக்கொண்டிருக்கிறோம். மேடையேறிப் பறையடிக்கிறோம். அப்புறம் அதே சொல் பருந்தின் மேல் இருந்தால் ஏன் கூசுகிறீர்கள்?" இந்த வழக்கு எங்களுக்குள் நூறாண்டு தாண்டியது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். ஒளிந்தால் தானே அவமானம், நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவோம் என்றார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரே பகைவர் சூட்டியது என்று மறுத்து, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கினார். 1922இல் எம்.சி. ராஜா அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரைக் கொண்டுவரச் செய்தார். மூவரும் ஒருவருக்கொருவர் உடன்பட்டவர்கள் அல்ல. ஆனால் மூவரிடமும் ஒன்று பொது: எங்கள் பெயரை நாங்கள் முடிவு செய்வோம். பறை எங்கள் கையில் இருக்கும்போது அது எங்கள் குரல். குப்பை தின்கிற பறவைக்கு அடையாளமாக இன்னொருவர் அதை ஒட்டும்போது அது எங்கள் மீது எறிந்த குப்பை. சொல் ஒன்றுதான், கை வேறு. ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: அகராதியில் அந்தப் பெயர் இருக்கட்டும், 'சாதி இழிவுப் பெயர்' என்ற குறிப்போடு இருக்கட்டும், சாட்சியத்தை யாரும் அழிக்க வேண்டாம். பாடநூலிலும் பறவைக் கையேட்டிலும் வேண்டாம். 'பிராமினி'யும் சேர்ந்தே போகட்டும்.

இவ்வளவும் அவர்கள் எங்கள் மேல் ஒட்டிய பெயர்களைப் பற்றி. எங்கள் மக்கள் வைத்த பெயர்கள் என்ன ஆயின?

வரப்போரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னப் பூ பூக்கிற ஒரு செடி. சில ஊர்களில் தாத்தாப்பூ, சில ஊர்களில் கிணற்றடிப் பூண்டு, மூக்குத்திப் பூண்டு. பரவலான பெயர் வெட்டுக்காயப் பூண்டு. இந்தச் செடி நம் நாட்டுச் செடியே இல்லை, நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. சங்க இலக்கியத்திலோ சித்தர் ஏட்டிலோ இதற்குப் பெயர் கிடைக்க வழியில்லை. அப்படியானால் பெயர் வைத்தது யார்? அரிவாள் பட்டவர். கதிர் அறுக்கும்போது சுண்டுவிரலில் அரிவாள் இறங்கினால், நிலத்துக்காரர் வண்டி பூட்டி மருத்துவமனைக்கு அனுப்பிய வரலாறு எங்கும் இல்லை. கைக்கு எட்டிய இலையைக் கசக்கிப் பிழிந்துவிட்டு அடுத்த அரிக்குக் குனிந்தவர்கள், எந்த இலை ரத்தத்தை நிறுத்துகிறது என்று தங்கள் ரத்தத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனையின் முடிவு அந்தப் பெயரில் இருக்கிறது. இன்று மூலிகைப் புத்தகம் போடுகிறவர் 'முன்னோர்கள் அறிந்திருந்தனர்' என்று எழுதுகிறார். எந்த முன்னோர்? வரப்பின் மேல் குடை பிடித்து நின்றவரா, வரப்புக்குக் கீழே குனிந்திருந்தவரா?

மண்ணுக்கு வருவோம். சாத்திரம் நான்கு மண் சொன்னது. வயலில் நிற்கிறவர்களிடம் கேளுங்கள்: கரிசல், செவல், வண்டல், களர், உவர், சுக்கான், கரம்பை, படுகை, தேரி, பொட்டல் என்று நிற்காமல் வரும். ஒவ்வொன்றும் எத்தனை மழைக்கு உழலாம், எதில் கால் புதையும், எதில் மண்வெட்டி தெறிக்கும் என்ற கணக்கோடு வரும். மடை திறக்கவும் அடைக்கவும் இரவெல்லாம் கண்மாய்க்கரையில் காவல் கிடந்தவர்கள் தென்மாவட்டங்களில் பெரும்பாலும் எங்கள் மக்கள்தான். தண்ணீர் எந்த மண்ணில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அவர்கள் தூக்கத்தை விற்று வாங்கிய அறிவு. இவ்வளவு பெயர் தெரிந்தவர்கள் கையில் ஒரு குழி நிலம் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணையும், சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் பஞ்சமி நிலமும் எங்கே போயின என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மண்ணின் பெயரைச் சேகரிக்க வருகிற ஆய்வாளர் ஒருவராவது, ஒலிப்பதிவுக் கருவியை அணைப்பதற்கு முன் 'இதில் உங்கள் நிலம் எது?' என்று கேட்டிருந்தால் அவருடைய அகராதி வேறு மாதிரி வந்திருக்கும்.

வட்டார அகராதிகள் மீது எங்களுக்குப் பகை இல்லை. கி. ராஜநாராயணனின் கரிசல் அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு அகராதியும் தமிழுக்குச் செய்தது பெரிய வேலை. ஆனால் 'வட்டாரம்' என்ற சொல்லே ஒரு ஊரை ஒரே ஊராகக் காட்டிவிடுகிறது. ஒரே கிராமத்தில் ஊருக்கு ஒரு பேச்சு, சேரிக்கு ஒரு பேச்சு. ஊர்க்காரர் பனைமட்டையின் நிழலை அறிவார். அதன் ஓரத்துக் கருக்கு உள்ளங்கையைக் கிழிப்பதை விறகு சுமந்தவர் அறிவார். பாமா 1992இல் தன் நூலுக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்தார். எந்த அகராதிக்காரரும் சேரிக்கு வந்து அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போகவில்லை. சேரியிலிருந்து ஒரு பெண் எழுதி வெளியே கொண்டுவந்தார்.

அறிவைக் கொடுத்தவருக்குப் பெயர் தருவது முடியாத காரியமும் இல்லை. பாம்புகளை அறிந்த இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் களையெடுக்கிற பெண்ணுக்கு அடிக்குறிப்பில்கூட இடமில்லை. பண்ணைக்கீரைக்கும் தொய்யக்கீரைக்கும் குமுட்டிக்கீரைக்கும் வித்தியாசம் சொல்லி, எது எந்த மாதத்தில் கசக்கும் என்று சொல்லி, சமைத்தும் போட்டவர் புத்தகத்தில் 'கிராமத்து மூதாட்டி ஒருவர்' ஆகிவிடுகிறார். அவரிடம் கேட்டு எழுதியவர் பெயர் மட்டும் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அடுத்து வட்டாரப் பெயர்த் தொகுப்புப் போடப்போகிறவர்களிடம் எங்களுக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது எந்த மாவட்டம் என்று எழுதுகிறீர்கள் அல்லவா, கூடவே ஊரா சேரியா என்றும் எழுதுங்கள். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும், அவர் செய்கிற வேலையையும் எழுதுங்கள். தொகுப்பு விற்றால் அவருக்கு ஒரு பங்கு கொடுங்கள். சாதி இழிவுப் பெயர் வந்தால் மறைக்காதீர்கள், அது யார் வாயிலிருந்து யாரை நோக்கி வந்தது என்று குறித்துவையுங்கள். பக்கம் போதவில்லை என்ற பதில் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு பறவைக்கும் செடிக்கும் லத்தீன் பெயரும், அதற்குப் பின்னால் அந்தப் பெயரை வைத்த வெள்ளைக்காரர் பெயரும், வைத்த ஆண்டும் அச்சிட இடம் இருக்கிறது.